ஜன்னல் திண்ணை: டிராயரா, தூக்கு மூடியா, திறந்த தட்டா? குழந்தை அறைக்கு எது ஒத்துவரும்

குழந்தையின் அறையில் ஜன்னலை ஒட்டி உட்கார ஒரு திண்ணை, அதற்குள் பொம்மைக்கும் புத்தகத்துக்கும் இடம். இப்படி ஒன்று செய்யலாம் என்று முடிவானதுமே தச்சரோடு பேச்சு நேராகப் பிளைவுட் விலைக்குப் போய்விடுகிறது. அதற்கு முன்பே தீர்க்க வேண்டியது, திண்ணை எந்தப் பக்கம் திறக்கப்போகிறது என்பது. முன்பக்கம் இழுக்கும் டிராயர், மேலே தூக்கும் மூடி, கதவே இல்லாத திறந்த தட்டு, கதவு போட்ட அறை என நான்கு வழிகள் இருக்கின்றன. உயரம், உள் அளவு, எதிரே விட வேண்டிய காலி இடம், செலவு எல்லாமே இந்த ஒரு முடிவைப் பின்தொடர்ந்துதான் வரும். மைக்கா நிறம் பிடிக்காவிட்டால் பிறகு மாற்றலாம். தூக்கு மூடிக்காகச் செய்த பெட்டியை டிராயராக மாற்றுவது என்றால் பாதிக்கு மேல் பிரித்துச் செய்ய வேண்டும்.

கணக்குக்காக இங்கே எடுத்துக்கொள்வது நம் நகர வீடுகளில் சாதாரணமாக அமையும் ஓர் அறை. அளவு 10க்கு 11 அடி. ஜன்னல் 4 அடி அகலம், அதன் அடிமட்டம் தரையிலிருந்து 3 அடி. திண்ணை 6 அடி நீளம், 20 அங்குல ஆழம், மெத்தையில் உட்கார்ந்து அமுங்கிய பிறகு 17 அங்குல உயரம். ஐந்து வயதுக் குழந்தைக்கு இந்த உயரத்தில் கால் தரையைத் தொடாது. ஆனாலும் அந்த வயதுக்கென்று 11 அங்குலத்தில் செய்தால் நான்கு வருடத்தில் குட்டையாகிவிடும், உள்ளே டிராயருக்கும் உயரம் கிடைக்காது. முன்னால் ஒரு சிறு முக்காலி போட்டுவிடுவதுதான் நல்லது.

கிரில் இல்லாத ஜன்னலா? அங்கே வேண்டாம்

திண்ணை வந்த பிறகு குழந்தைக்குத் தரை என்பது அந்தத் திண்ணைதான். 3 அடியில் இருந்த ஜன்னல் அடிமட்டம், திண்ணை மேல் ஏறி நிற்கும் குழந்தையின் காலிலிருந்து 19 அங்குலத்தில் இருக்கும். பால்கனி, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர்களுக்கு தேசியக் கட்டட விதித்தொகுப்பு கேட்கும் குறைந்தபட்ச உயரம் 1 மீட்டர். அந்த அளவுகோலைத் திண்ணையின் மேல்தளத்திலிருந்து வைத்துப் பார்த்தால் ஜன்னல் எவ்வளவு தாழ்ந்துபோகிறது என்பது புரியும். எனவே மாடி வீட்டில் முழு ஜன்னலுக்கும் கிரில் இருந்தால் மட்டுமே இந்த வேலையைத் தொடங்கலாம். கம்பிகளுக்கு நடுவே 4 அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது. ஏற்கெனவே இருக்கும் கிரிலில் குறுக்குக் கம்பிகள் அதிகமென்றால் குழந்தை அதையே ஏணியாக்கிக்கொள்ளும், ஆகவே புதிதாகப் போடும்போது நெடுக்குக் கம்பியே நல்லது.

ஸ்லைடிங் ஜன்னலின் கொசுவலையைச் சிலர் தடுப்பாக நினைக்கிறார்கள். வலைச்சட்டம் ஒரு குழந்தையின் எடையைத் தாங்காது, சாய்ந்தால் தடத்தை விட்டு வெளியே வந்துவிடும். வெளிப்பக்கம் ஸ்க்ரூ போட்டு மாட்டிய கிரில் என்றால் இரண்டு கையாலும் பிடித்து நன்றாக உலுக்கிப் பாருங்கள். துளி ஆட்டம் இருந்தாலும் ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளச் சுவர்த் துளைக்குள் வைக்கும் பிளாஸ்டிக் பிளக்கை மாற்றிப் புது ஸ்க்ரூ போட்ட பிறகுதான் மற்ற வேலை. கிரில் போடக் குடியிருப்பில் அனுமதி இல்லையென்றால் அதே திண்ணையை அறையின் வேறொரு சுவரில் செய்யுங்கள். ஜன்னல் காட்சிக்காக இதில் சமரசம் செய்யவே கூடாது.

திரையையும் இப்போதே மாற்ற வேண்டியிருக்கும். தரைவரை தொங்கும் திரைச்சீலை திண்ணைமேல் குவியும். கயிறு தொங்கும் பிளைண்ட் இன்னும் மோசம், குழந்தையின் கழுத்து உயரத்துக்குக் கயிறு வந்துவிடுகிறது. கயிறில்லாத வகை, அல்லது ஜன்னல் அடிமட்டத்தோடு நிற்கும் குட்டைத் திரை போதும்.

தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள்

ஜன்னல் திண்ணைகளை அதிகம் கெடுப்பது ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காற்றோடு அடிக்கும் மழை. யு.பி.வி.சி. ஸ்லைடிங் ஜன்னலின் அடித்தடத்தில் வெளிப்பக்கமாகச் சிறு வடிகால் துளைகள் இருக்கும். அவற்றில் தூசி அடைத்துக்கொண்டால் தடம் நிரம்பித் தண்ணீர் உள்பக்கம் வழியும். வேலை தொடங்கும் முன் ஒரு குவளைத் தண்ணீரைத் தடத்தில் ஊற்றிப் பாருங்கள். சில நிமிடங்களில் வெளியே வடிந்துவிட வேண்டும். தேங்கி நின்றால் துளையைக் குத்திச் சுத்தம் செய்து, சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே சிலிக்கான் அடித்து, மறுபடியும் ஊற்றிப் பாருங்கள்.

சுவர் ஈரத்துக்கும் எளிய சோதனை உண்டு. ஓர் அடிச் சதுரப் பாலித்தீன் துண்டை ஜன்னலுக்குக் கீழே சுவரில் நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். சுவரை ஒட்டிய உள்பக்கத்தில் நீர்த்துளி கட்டியிருந்தால் ஈரம் சுவர் வழியாக வருகிறது. அந்தச் சுவரை வெளியிலிருந்து சரிசெய்யாமல் எந்தப் பலகையைச் சாத்தினாலும் முதலில் பூஞ்சை, பிறகு கரையான்.

டிராயர்

மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தையின் அன்றாடப் பொருளுக்கு என் முதல் தேர்வு இதுதான். காரணம் எளிது. திண்ணைமேல் மெத்தை, தலையணை, படித்துக் கவிழ்த்து வைத்த புத்தகம் எது இருந்தாலும் டிராயர் திறக்கும். கடைசி மூலையில் இருப்பதும் கைக்கு வரும். எடுத்ததைத் திரும்ப வைப்பதும் குழந்தையால் தனியாக முடியும்.

இடம்தான் இதற்குத் தடை. டிராயர் ஓடும் உலோகத் தடமான சேனல் 18 அங்குலம்; அது முழுதாக வெளியே வந்து, அதற்கு முன்னால் குழந்தை உட்கார இன்னும் 18 அங்குலமாவது வேண்டும். ஆக திண்ணை முகப்பிலிருந்து எதிரில் உள்ள கட்டில்வரை 36 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. நம் அறையில் 10 அடி, அதாவது 120 அங்குலம் இருக்கிறது. திண்ணை 20 போக, எதிர்ச்சுவரை ஒட்டி 3 அடிக் கட்டில் 36 போக, 64 அங்குலம் மிச்சம், தாராளம். அதே இடத்தில் 5 அடிக் கட்டில் போட்டால் மிச்சம் 40, அதுவும் ஒப்பேறும். கட்டிலை நடுவில் இழுத்துப் போட்டு 2 அடி நடைபாதை மட்டும் விட்டிருந்தால் டிராயர் சரிவராது.

கெட்டுப்போவது பெரும்பாலும் சேனல்தான். பந்து வைத்த டெலஸ்கோப்பிக் சேனலுக்கு ஒவ்வொரு பக்கமும் அரை அங்குலம் இடம் வேண்டும். 23 அங்குலத் திறப்பில் டிராயர் பெட்டி சரியாக 22 அங்குலம். மைக்கா ஒட்டும் முன் அளந்து செய்துவிட்டு, இரண்டு பக்கமும் மைக்கா ஒட்டியபின் மாட்டினால் பெட்டி இறுக்கமாகி, இழுக்கும்போது பிடிக்கும். ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒன்று) தளர்ந்தால் ஆடும், ஒரு நூல் இறுகினால் சேனலின் பந்துகள் கழன்று கொட்டும். ஒட்டி முடித்த பலகையை அளந்து பெட்டி செய்யச் சொல்ல வேண்டும்.

அகலமும் முக்கியம். 6 அடிக்கு இரண்டே டிராயர் என்று ஆசைப்பட்டால் ஒவ்வொன்றும் 3 அடி அகலமாகும். குழந்தை ஒரு மூலையைப் பிடித்து இழுக்கும், பெட்டி கோணிக்கொண்டு பாதியில் நிற்கும். மூன்றாகப் பிரிப்பதே சரி. 22க்கு 18, உயரம் 8 அங்குலப் பெட்டியை முழுக்கப் புத்தகத்தால் நிரப்பினால் எடை 30 கிலோவை நெருங்கும். சேனல் வாங்கும்போது 40 கிலோவுக்குக் குறையாத தாங்குதிறன் பாருங்கள், அடிப்பலகை 6 மி.மீ. வேண்டாம், 9 மி.மீ. போடுங்கள். கடற்கரை ஊர் என்றால் துத்தநாகப் பூச்சுச் சேனல் சில வருடத்தில் துருப்பிடித்துக் கரகரக்கும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சேனல் விலை கூட இருந்தாலும் வாங்கலாம்.

கைப்பிடியைத் துருத்திக்கொண்டு வைக்காதீர்கள். தரையில் விளையாடும் குழந்தையின் தலையும் திண்ணையில் உட்கார்ந்து ஆட்டும் குதிகாலும் அதில்தான் மோதும். முகப்பின் மேல்விளிம்பில் 4 அங்குல நீளத்துக்கு அரைவட்டமாக வெட்டி ஓரத்தை உருட்டிவிட்டால் கைவிட்டு இழுக்கலாம், காற்றும் உள்ளே போகும். அழுத்தினால் திறக்கும் வகையும் வேண்டாம், முழங்கால் பட்டாலே திறந்துகொண்டு நிற்கும். மெதுவாக மூடும் சேனல் விரல் நசுங்காமல் காக்கும், அதற்குக் கூடுதலாகக் கொடுக்கலாம்.

திறந்த டிராயரைப் படியாக வைத்து ஏறாத குழந்தை கிடையாது. பெட்டியை இரண்டு மூன்று இடத்தில் எல் ஆங்கிள் போட்டுச் சுவரோடு பிணைத்துவிட்டால் முன்பக்கம் சாயாது. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் சுவருக்குள் வயர் ஓடும், அந்தக் கோட்டில் துளை போட வேண்டாம்.

தூக்கு மூடி

பெட்டி செய்வது சுலபம், சேனல் செலவு இல்லை, உள்ளே இடமும் நான்கு வகையிலும் இதில்தான் அதிகம். ஆனால் திறக்கும் ஒவ்வொரு முறையும் மேலே இருப்பதை எல்லாம் எடுத்துக் கீழே வைக்க வேண்டும். இரண்டே மாதத்தில் யாரும் திறக்காத பெட்டியாகிவிடும். அதனால் ஆண்டுக்கு ஓரிரு முறை வெளியே வரும் பொருளுக்கு இது அருமை: கொலு பொம்மைகள், விருந்தினர் மெத்தை, கம்பளி, சிறிதாகிப்போன உடைகள். தினமும் வேண்டிய பொம்மைக்கு இதைத் தேர்ந்தெடுப்பது தவறு.

தேர்ந்தெடுத்தால் ஒரே 6 அடி மூடி போடாதீர்கள். 18 மி.மீ. பலகை, இருபுறமும் மைக்கா, 3 அங்குல மெத்தை சேர்த்து 15 கிலோ அளவுக்குப் போகும். அது விழுந்தால் சிறு விரல் முறியும். இரண்டடிக்கு ஒன்றாக மூன்று மூடி என்றால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 5 கிலோ. சுவரோரமாக 4 அங்குலப் பலகையை அசையாமல் பொருத்தி, கீலை அதில் வையுங்கள். மூடி சுவரில் இடிக்காமல் முழுதாகத் திறக்கும், சாய்வுத் தலையணைகளும் அந்த ஓரத்தில் நிற்கும்.

மூடி விழுவதைப் பற்றிப் பொம்மைப் பெட்டிகளுக்கான சர்வதேச பாதுகாப்புத் தரநிலைகள் தெளிவாகச் சொல்கின்றன. எந்தக் கோணத்தில் கையை விட்டாலும் மூடி தன் எடையால் 12 மி.மீ.க்கு மேல் இறங்கக் கூடாது; முற்றாக மூடும் முன் உள்ள கடைசி 50 மி.மீ. மட்டும் இதற்கு விலக்கு. சாதாரணக் கீலும் ஒரு சங்கிலியும் வைத்தால் இது நடக்காது. ஹைட்ராலிக் பம்ப் என்று கடைகளில் கேட்டு வாங்கும் கேஸ் ஸ்ட்ரட் வேண்டும், அல்லது நிறுத்திய கோணத்தில் நிற்கும் ஸ்டே வேண்டும். பம்ப் அளவில்தான் தவறு அதிகம் நடக்கிறது. கட்டிலுக்குப் போடுவது பல நூறு நியூட்டன் விசை கொண்டது. அதை இங்கே போட்டால் மூடி அடங்காமல் எழும்பி நிற்கும், கீல் ஸ்க்ரூக்கள் பிடுங்கிக்கொண்டு வரும். 5 கிலோ மூடிக்குப் பக்கத்துக்கு ஒன்றாக 60 நியூட்டன் பம்ப் இரண்டு என்று தொடங்கி, மெத்தையை வைத்துச் சோதித்து, கீலிலிருந்து பம்ப் மாட்டும் தூரத்தை ஓர் அங்குலம் முன்பின் மாற்றிச் சரிசெய்ய வேண்டும். மெத்தை இல்லாமல் சரியாக நிற்கும் மூடி, மெத்தை வந்ததும் விழும். பம்பில் வாயு வருடங்கள் போகப்போகக் குறையும். மூடி தானாக இறங்கத் தொடங்கினால் அன்றே மாற்றுங்கள்.

இன்னும் பெரிய ஆபத்து ஒளிந்து விளையாடுவது. இரண்டடிக்கு ஒன்றரை அடிப் பெட்டிக்குள் நான்கு வயதுக் குழந்தை தாராளமாகச் சுருண்டு உட்காரும். தானாகப் பூட்டிக்கொள்ளும் கொக்கி எதுவும் கூடவே கூடாது. பெட்டியின் ஒவ்வொரு தடுப்பிலும் 30 மி.மீ. துளை இரண்டு, ஒன்றுக்கொன்று 15 செ.மீ.க்கு மேல் தள்ளி, மெத்தையோ சுவரோ அடைக்காத முன்முகப்பில் போடுங்கள். ஒரு துளை ஏறக்குறைய 707 சதுர மி.மீ. வரும், தரநிலைகள் கேட்பது ஒன்றுக்கு 650. மூடியின் முன்விளிம்புக்கும் பெட்டிக்கும் நடுவே 12 மி.மீ. உயர ரப்பர் பொத்தான் ஒட்டினால் விரல் போக இடம் இருக்கும்.

திறந்த தட்டு, கதவு போட்ட அறை

நடக்கப் பழகிய பருவத்திலிருந்து ஆறு வயதுவரை திறந்த தட்டைவிடச் சுலபமானது எதுவும் இல்லை. கண்ணுக்குத் தெரிவதைத்தான் அந்த வயது எடுத்து விளையாடும். கீல், சேனல் எதுவும் இல்லாததால் விரல் நசுங்க இடமே இல்லை, செலவும் நான்கில் இதுதான் மிகக் குறைவு. ஒவ்வொரு திறப்புக்குள்ளும் பொருந்தும் பிளாஸ்டிக் கூடை வாங்கி வைத்தால் அடுக்குவது ஒரு நிமிட வேலை. தூசி சேரும், வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும், அறை எப்போதும் கொஞ்சம் கலைந்தே தெரியும்.

இங்கே ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. திறப்பை நேர்ப் பக்கச் சுவர்களோடு, முன்னால் பட்டி எதுவும் வைக்காமல், சரியாக 23 அங்குலத்துக்குச் செய்துவிட்டால், குழந்தை பள்ளிக்குப் போகும் வயதில் அதே பெட்டிக்குள் சேனல் மாட்டி டிராயர் போடலாம். குழந்தைக்கு இரண்டு மூன்று வயதுதான் என்றால் நான் சொல்வது இதைத்தான்: இப்போது தட்டு, பிறகு டிராயர், பெட்டி ஒன்றே. முன் முகப்புக்கான பலகையையும் அதே மைக்காவையும் இப்போதே வாங்கிப் பரணில் வைத்துவிடுங்கள். நான்கு வருடம் கழித்து அதே நிறம் கிடைக்காது.

கதவு போட்ட அறை வெளியே அழகாக இருக்கும், உள்ளே பயன் குறைவு. 20 அங்குல ஆழத்தில் பின்னால் இருப்பதை எடுக்கக் குழந்தை தலையை உள்ளே விட வேண்டும். திறந்து நிற்கும் கதவின் கூர்மூலை தரையில் உட்கார்ந்திருப்பவரின் முக உயரத்தில் இருக்கும். கிரிக்கெட் மட்டை, கேரம் பலகை போன்ற நீண்ட பொருளுக்கு ஓரத்தில் ஒரே ஓர் அறை வேண்டுமானால் வைக்கலாம்.

எந்தப் பொருளில் செய்வது

தச்சர் வேலை என்றால் 710 என்று கேட்டு வாங்கும் நீர் தாங்கும் பிளைவுட். ஜன்னலுக்கு அடியில் கமர்ஷியல் பிளைவுட் போடுவது பணத்தை மிச்சம் பிடிப்பது போலத் தெரியும், இரண்டு மழைக்காலத்தில் ஓரம் உப்பித் தகடு பிரியும். பலகைமேல் ஐ.எஸ். 710 என்பதோடு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் எந்த நிறுவனத்துக்குக் கொடுத்தது என்று காட்டும். கடையில் நின்றுகொண்டே பார்த்துவிடலாம். 18 மி.மீ. பலகை 23 அங்குல இடைவெளியைச் சிரமமில்லாமல் தாங்கும், இரண்டு குழந்தைகள் குதித்தாலும். இடைவெளி 30 அங்குலத்தைத் தாண்டினால் நடுவில் ஒரு தாங்கு வேண்டும்.

மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்யும் டபிள்யூ.பி.சி. பலகைக்குத் தண்ணீரும் கரையானும் பிரச்சினை இல்லை. ஆனால் எடை விழுந்தால் வளையும், வளைந்தது நிமிராது, ஓரத்தில் போட்ட ஸ்க்ரூவும் பிளைவுட் அளவுக்குப் பிடிக்காது. அடிப் பீடம், பின்பலகை போன்ற ஈரம் படும் பகுதிக்கு நல்ல தேர்வு, உட்காரும் மேல்பலகைக்கு அல்ல. அதிலேதான் முழுதும் வேண்டுமென்றால் மேல்பலகைக்குக் கீழே ஓர் அங்குலச் சதுர இரும்புக் குழாயில் சட்டம் பற்றவைத்துக் கொடுக்க வேண்டும். மர இழையை அழுத்திச் செய்யும் எச்.டி.எச்.எம்.ஆர். பலகை நடுத்தரம். கனமானது, ஈரத்தை ஓரளவு தாங்கும், ஓரத்தில் ஸ்க்ரூ போடும் முன் சிறு துளை போடாவிட்டால் பிளக்கும். ரெடிமேட் சாமான்களில் வரும், மரத்துகளை அழுத்திச் செய்த பார்ட்டிக்கிள் போர்டை இந்த இடத்துக்குப் பரிந்துரைக்கவே மாட்டேன்.

சொந்த வீட்டில், அதுவும் கரையான் தொல்லை உள்ள தரைத்தளத்தில், கொத்தனார் வேலை பிளைவுட்டை மிஞ்சும். ஆனால் செங்கல்லில் தடுப்புச் சுவர் கட்டினால் இடம் போய்விடும். நாலரை அங்குலச் சுவருக்கு இரண்டு பக்கப் பூச்சும் சேர்த்து ஐந்தரை அங்குலம். நான்கு சுவருக்கு 22 அங்குலம். 72 அங்குலத்தில் உங்களுக்கு மிஞ்சுவது 50தான். அதற்குப் பதில் அலமாரிக்குச் செய்வதுபோல ஓர் அங்குலக் கடப்பாக் கல்லையோ ஃபெரோ சிமெண்ட் தட்டையோ நிறுத்தித் தடுத்தால் 68 அங்குலம் கிடைக்கும். மேலே கிரானைட் போட்டு முன்விளிம்பை அரைவட்டமாக உருட்டச் சொல்லுங்கள், கூர்விளிம்புக் கல் குழந்தை அறைக்கு ஆகாது. 18 மி.மீ. கிரானைட்டுக்கு இரண்டடிக்கு ஒரு தாங்கு கட்டாயம். கல் திண்ணைக்குத் திறந்த தட்டே பொருத்தம். சேனலைக் கல்லில் நேராக மாட்ட முடியாது, உள்ளே மரச்சட்டம் பொருத்தி அதன்மேல்தான் மாட்ட வேண்டும். அந்த வேலையும் செலவும் சேர்ந்தால் பிளைவுட்டிலேயே செய்திருக்கலாம்.

வாடகை வீடா? சுவரில் பொருத்திய எதையும் செய்யாதீர்கள். 2 அடி நீளப் பெட்டி மூன்று தனித்தனியாகச் செய்து, பக்கத்தில் பக்கம் வைத்து, உள்ளிருந்து நட்டு போல்ட்டால் இணையுங்கள். வீடு மாறும்போது பிரித்தால் ஒன்று கட்டில் ஓரத்துக்கும் ஒன்று காலணி வைக்கவும் ஆகும். பலகை இரட்டிப்பாகும் இடங்களில் கொஞ்சம் கூடுதல் செலவு, அவ்வளவே. சாயாமல் இருக்கச் சுவரில் இரண்டு ஸ்க்ரூ மட்டும் வீட்டுக்காரரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

விலை ஊருக்கு ஊர் மாறும், வரிசை பெரும்பாலும் மாறாது. பிளைவுட் திறந்த தட்டு குறைவு, அதன்மேல் தூக்கு மூடி, அதன்மேல் டிராயர். தச்சர்கள் முன்முகப்பின் சதுர அடிக்குக் கூலி சொல்வது வழக்கம். இந்தத் திண்ணையின் முகப்பு ஏழரைச் சதுர அடிதான், அந்தக் கணக்கில் மூன்று டிராயருக்கு உண்டான உழைப்பு வராது. எனவே மொத்தத் தொகையாகப் பேசி, டிராயர் எத்தனை, சேனல் எந்த வகை, உள்பக்கம் மைக்கா உண்டா இல்லையா என்பதைக் காகிதத்தில் எழுதி வாங்குங்கள்.

மூன்று டிராயர் திண்ணைக்கு அளவுகள்

அடியிலிருந்து மேலே: பீடம் 3 அங்குலம், பெட்டி 12, மெத்தை 3. மூன்று அங்குல மெத்தை உட்கார்ந்தால் இரண்டாகும், ஆக 17. பெட்டியின் மேல்பலகை 72க்கு 20, அடிப்பலகை 72க்கு 19, நிற்கும் பலகைகள் நான்கு, ஒவ்வொன்றும் 19க்கு பத்தரை. நான்கு பலகையின் பருமன் 3 அங்குலம் போக 69 மிச்சம், மூன்றால் வகுத்தால் திறப்பு 23. இவ்வளவும், பீடத்துக்கு 3 அங்குலப் பட்டைகளும், 8க்கு 4 அடி 18 மி.மீ. ஷீட் ஒன்றிலேயே அடங்கும். மேல், அடிப் பலகைகளை அகலத்தில் அடுத்தடுத்து வெட்டினால் நுனியில் மிஞ்சும் இரண்டடித் துண்டில் நான்கு தடுப்பும், ஓரத்தில் மிஞ்சும் நீளத் துண்டில் பீடமும் வரும். டிராயர் முகப்பு மூன்றுக்கு இன்னொரு ஷீட்டில் பாதி. டிராயரின் பக்கங்களுக்கு 12 மி.மீ. அரை ஷீட், டிராயர் அடிக்கும் பெட்டியின் பின்புறத்துக்கும் சேர்த்து 9 மி.மீ. அரை ஷீட்டுக்குச் சற்று மேல். 18 அங்குலச் சேனல் மூன்று ஜோடி. வெளி மைக்கா 1 மி.மீ. ஒரு ஷீட் போதும், உள்பக்கத்துக்கு வெள்ளை 0.8 மி.மீ.

மேல்பலகையின் ஒரு பக்கம் மட்டும் மைக்கா ஒட்டினால் பலகை மெல்ல வில்லாக வளையும். கண்ணுக்குத் தெரியாத கீழ்ப்பக்கத்துக்கும் ஒட்ட வேண்டும், சாதாரண வகை போதும். ஓரத்துக்கு 2 மி.மீ. எட்ஜ் பேண்ட். ஜன்னல் பக்கம் என்பதால் நீர் தாங்கும் மரைன் வகைப் பசை. பெட்டியைச் சுவரில் ஒட்டிச் சாத்தாமல் அரை அங்குலம் தள்ளி நிறுத்தி, மேல்பலகையை மட்டும் சுவர்வரை நீட்டி சிலிக்கான் அடியுங்கள். பின்பலகையின் சுவர்ப்பக்கம் பிரைமர் அடிக்காமல் விடக் கூடாது, அங்கே பிறகு கை போகாது. பீடத்தின் அடியில் கிரானைட் துண்டோ டபிள்யூ.பி.சி. பட்டையோ வைத்தால் தினமும் மாப் போடும் தண்ணீர் பிளைவுட்டை எட்டாது. அந்தச் சுவரில் பிளக் பாயிண்ட் இருந்தால் பெட்டி வைக்கும் முன் எலக்ட்ரீஷியனை வைத்துப் பக்கச் சுவருக்கு மாற்றிவிடுங்கள்.

மெத்தைக்கு 40 டென்சிட்டி ஃபோம், 3 அங்குலம், இரண்டடித் துண்டு மூன்று. ஒரே 6 அடித் துண்டாகத் தைத்தால் உறை துவைக்க வீட்டு வாஷிங் மெஷின் போதாது, ஒரு மூலை நனைந்தாலும் மொத்தமும் காய வேண்டும். இலவம்பஞ்சு குளுமைதான், ஆனால் குதிக்கிற இடத்தில் கட்டி கட்டியாகிவிடும், மழைக்காலத்தில் ஈரம் இழுக்கும். உறைக்கு ஜிப் வேண்டும், அடியில் வழுக்காத ரப்பர் வலை விரிக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் ஒன்றிரண்டு வாரம் டிராயர்களைத் திறந்துபோட்டு, ஜன்னலையும் திறந்துவைத்து, பசை, வார்னிஷ் வாசனை போன பிறகு குழந்தையை அந்த அறையில் தூங்க வையுங்கள். கடைசித் தவணைப் பணம் கொடுக்கும் முன், 26 கிலோ அரிசி மூட்டையை ஒரு டிராயருக்குள் வைத்து முழுதாக இழுத்துப் பாருங்கள். முகப்பு இரண்டு நூலுக்கு மேல் தாழ்ந்தாலோ, திரும்பப் போகும்போது தடுமாறினாலோ சேனல் மட்டம் சரியில்லை. மூன்றையும் இப்படிப் பார்த்து, தச்சர் இருக்கும்போதே கழற்றி மாட்டச் சொல்லுங்கள்.